சிறைக்கோட்டையில் சிங்காரக் கட்டில்

கடலோரத்திலே ஒரு கோட்டை. நானூறு ஆண்டுகளாக அலைகள் வந்து மோதியும் அசையாத மதில். மதிலுக்குள்ளே, முன்னாளில் படைவீரர் படுத்துறங்கிய கொட்டடி. இந்நாளிலோ அது குளிர்பதன அறை. பீரங்கி நின்ற இடத்தில் பெரியதோர் மேசை, மேசைமீது பழச்சாறு. வெடிமருந்து அடுக்கியிருந்த நிலவறையில் திராட்சை மது. காவலன் கண்விழித்து நின்ற கொத்தளத்திலே காதலர் இருவர் அமர்ந்து, கதிரவன் கடலில் மறையும் காட்சியைக் கண்டு களிக்கின்றனர். ஓரிரவுக்கு இவ்வளவு என்று கட்டணம். கட்டணத்தைச் செலுத்திவிட்டால் போதும். மன்னர்கள் படை நடத்திப் பெற்ற கோட்டை, மறுநாள் காலை வரை நமக்குச் சொந்தம்!

இத்தகைய கோட்டை விடுதிகள் இன்று பல நாடுகளில் உள்ளன. போர்ச்சுகலில் உண்டு, ஸ்பெயினில் உண்டு, நம் கோவாவிலும் உண்டு. வசதியுள்ளோர் அங்கே சென்று தங்கி வருகின்றனர். வந்து, வரலாற்றின் மடியிலே உறங்கினோம் என்று வியந்து பேசுகின்றனர்.

தங்குவதும் உறங்குவதும் அவரவர் விருப்பம். இதிலே அறம் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அப்படித் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஒரு காலத்தில் மனிதன் மனிதனை அடைத்து வதைத்த இடத்தை, மற்றொரு காலத்தில் மனிதன் மகிழ்ந்து உலவும் இடமாக ஆக்கலாமா? ஆக்கலாம் எனில் எப்போது? ஆகாது எனில் ஏன்? இந்த ஐயத்திற்கு விடை காண்பது, கடந்த காலத்தோடு நமக்குள்ள உறவு எத்தகையது என்று காண்பதேயாகும்.

முதலில், விடுதி வேண்டும் என்போரின் வாதத்தை நேர்மையாகக் கேட்போம். அதிலே வலுவுண்டு. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. உப்பு சுண்ணச்சாந்தை அரிக்கிறது. இடுக்கிலே விழுந்த விதை வேர்விட்டு மதிலையே பிளக்கிறது. ஆளில்லாக் கோட்டையின் கதவை ஒருவன் கழற்றிச் செல்வான். கல்லை மற்றொருவன் பெயர்த்துச் செல்வான். எல்லாக் கோட்டைகளையும் அரசே பழுதுபார்க்க வேண்டுமென்றால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் பாழ்மதிலுக்குப் போகும். விடுதி வந்தால் கூரை ஒழுகாது, சுவர் சரியாது, உள்ளூரார் சிலருக்கு வேலையும் கிடைக்கும். மேலும், கல் என்ன குற்றம் செய்தது? கொடுமை செய்தவன் கொடுங்கோலன்; அவன் பயன்படுத்திய சுவரைத் தீண்டலாகாது என்று ஒதுக்கி வைப்பது பகுத்தறிவுக்கு ஒத்ததா?

ஒத்ததல்ல, ஒப்புக்கொள்கிறேன். சுவருக்குத் தீட்டும் இல்லை, புனிதமும் இல்லை. சான்றாக, போர்ச்சுகல் நாட்டின் செதூபல் துறைமுகத்தை நோக்குவோம். அங்கே குன்றின்மீது கடலைப் பார்த்து நிற்கும் சான் பிலிப்பே கோட்டையை 1582இல் கட்டத் தொடங்கியவன் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பு. போர்ச்சுகல் முடியையும் தன் தலையிலே சூட்டிக்கொண்டவன் அவன். பகைவர் கப்பலைத் தடுப்பது கோட்டையின் ஒரு வேலை. காலடியிலிருந்த நகர மக்கள் கிளர்ந்தெழாமல் கண்காணிப்பது மற்றொரு வேலை. அந்தக் கோட்டை 1960களில் விடுதியாக்கப்பட்டுப் பல ஆண்டுகள் இயங்கியது. நகரத்தாரை அச்சுறுத்திய கொத்தளத்தில் நகரத்தாரே அமர்ந்து மீன்குழம்பு உண்டால், அதிலே வருந்துவதற்கு என்ன இருக்கிறது? மன்னனின் மமதை மண்ணாயிற்று என்று மகிழலாம் அன்றோ!

ஆனால் எல்லாக் கோட்டைகளும் செதூபல் கோட்டை ஆகிவிடுமா? அதே நாட்டிலே, லிஸ்பன் நகருக்கு வடக்கே, கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை ஒன்றில் பெனிஷ் என்றோர் ஊர் உண்டு. மீனவர் ஊர். ஊரின் கரையிலே, பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் எழுப்பப்பட்ட பெருங்கோட்டை. மூன்று புறமும் பாறை, பாறைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடல். விடுதி நடத்த விழைவோர் வேறென்ன கேட்பார்கள்? காட்சி உண்டு, காற்று உண்டு, பழமை உண்டு. 

அவை மட்டுமா? கண்ணீரும் உண்டு அங்கே!

1932 முதல் 1968 வரை போர்ச்சுகலைத் தன் கைப்பிடியில் வைத்திருந்தவர் சலசார். கட்சி கூடாது, கூட்டம் கூடாது, தணிக்கை செய்யாத ஏடு கூடாது என்று அடக்கியாண்ட ஆட்சி அவருடையது. அந்த ஆட்சியை எதிர்த்துப் பேசியோர், எழுதியோர், வேலைநிறுத்தம் செய்தோர் ஆகியோரை அடைத்து வைக்க, 1934 முதல் பெனிஷ் கோட்டை அரசியல் சிறையாயிற்று. தொழிலாளர், மாணவர், எழுத்தாளர், பொதுவுடைமைக் கட்சியினர் என்று எத்தனையோ பேர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளின் பெயர்கள் இன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கைதியைக் காண வந்த குடும்பத்தாருக்கும் கைதிக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு, அருகே காவலன். தந்தையின் விரலைத் தொட நீட்டிய குழந்தையின் கைக்குக் கண்ணாடியின் குளிர்ச்சிதான் கிடைத்தது. தண்டனைக்குள் தண்டனையாக, கடலையொட்டிய வட்டக் கொத்தளத்திலே தனிமைச் சிறையும் இருந்தது.

அந்தத் தனிமைச் சிறையிலிருந்து, 1954 டிசம்பரில், அன்டோனியோ டயஸ் லொரென்சோ என்பவர் தப்பினார். கதவிலே வழி செய்துகொண்டு, போர்வையைக் கிழித்துக் கயிறாக்கி, குளிர்காலக் கடலில் இறங்கி நீந்திக் கரை சேர்ந்தார். 1960 ஜனவரி 3ஆம் நாள், பொதுவுடைமைக் கட்சித் தலைவர் அல்வாரோ குன்யாலும் அவருடைய தோழர்களுமாகப் பத்துப் பேர், படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டு மதிலிலிருந்து இறங்கினர். காவலர் ஒருவரே அவர்களுக்குத் துணை நின்றார். அவர்களுடைய கட்சிக் கொள்கையை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால், கருத்துக்காக மனிதனைக் கம்பிக்குள் போடுவதை ஏற்கும் நல்லோர் உண்டோ? இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். விடுதியிலே விருந்தினருக்கு விரிக்கப்படுவதும் படுக்கை விரிப்புத்தான். பெனிஷ் சிறையிலே விடுதலைக்குக் கயிறானதும் படுக்கை விரிப்புத்தான்!

எங்கோ ஐரோப்பாவில் நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அந்தச் சிறை நம் நாட்டவரையும் விழுங்கியது. கோவாவின் விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான திரிஸ்தாவ் டி பிரகன்சா குன்யா 1946இல் கைதானார். கோவாவின் அகுவாதா கோட்டையில் அடைக்கப்பட்டார்; படைத்துறை நீதிமன்றம் அவருக்கு எட்டாண்டுத் தண்டனை விதித்தது; கடல் கடந்து பெனிஷ் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் வெளிவந்தும், 1958இல் மறைந்துவிட்டார். 1961 டிசம்பரில் கோவா விடுதலை பெற்றதைக் காண அவர் இல்லை. ஒரு கடற்கோட்டையிலிருந்து மற்றொரு கடற்கோட்டைக்கு! ஆண்டவர் கையிலே கோட்டைகள் சங்கிலியின் கண்ணிகளாக இருந்தன.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் காண வேண்டும். பெனிஷிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலே ஓபிடோஸ் என்னும் பழைய ஊர். அங்கே ஒரு கோட்டை. சலசார் ஆட்சியே 1940களில் அரசு விடுதிகளை நாடெங்கும் திறக்கத் தொடங்கியிருந்தது. முதல் விடுதி 1942இல் எல்வாஸ் நகரில் திறக்கப்பட்டது. அத்திட்டத்தின்படி ஓபிடோஸ் கோட்டை 1950களின் தொடக்கத்தில் விடுதியாயிற்று. ஆக, ஒரே ஆட்சி, ஒரே காலம், இரண்டு கோட்டைகள். ஒன்றிலே வெளிநாட்டு விருந்தினருக்குப் பஞ்சணை. மற்றொன்றிலே உள்நாட்டு உரிமை வீரருக்குப் பாறைத்தரை. நாட்டின் பழம்பெருமையைப் பாருங்கள் என்று ஒரு கதவைத் திறந்தவர், நாட்டின் நிகழ்கால நிலையைக் காணாதீர்கள் என்று மறு கதவைப் பூட்டினார். அழகு, அநீதிக்குத் திரைச்சீலை ஆயிற்று. அழகான விடுதி என்றதும் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

1974 ஏப்ரல் 25ஆம் நாள் படைவீரர் புரட்சியால் அந்த ஆட்சி வீழ்ந்தது. இரண்டு நாட்களில் பெனிஷின் சிறைக்கதவு திறந்தது. பின்னர், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வீடு வாசல் இழந்து திரும்பிய குடும்பங்களுக்கு அந்தக் கோட்டையிலே இடம் தரப்பட்டது. சிறையறைகள் இருந்த வளாகத்திலே அடுப்பெரிந்தது, குழந்தைகள் விளையாடின. அதை யாரேனும் இழிவு என்பரா? சொல்ல மாட்டார்கள். ஒதுங்க இடமற்றவனுக்கு ஒதுங்க இடம் தருவது, எந்தச் சுவருக்கும் பெருமைதான். ஆகவே, சிறை இருந்த இடத்தில் உறங்குவதே தவறு என்று நான் வாதிடவில்லை. எதற்காக உறங்குகிறோம், எதை மறந்துவிட்டு உறங்குகிறோம் என்பதே கேள்வி.

2016இல் அந்தக் கேள்வி போர்ச்சுகல் மக்கள் முன் வந்து நின்றது. பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு, சுற்றுலாவுக்குப் பயன்படுத்தும் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. பட்டியலிலே பெனிஷ் கோட்டையும் இருந்தது! அங்கே அடைபட்டிருந்தோர் பலர் அப்போதும் உயிரோடிருந்தனர். அவர்களும், அவர்களோடு சேர்ந்து மற்றோரும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு முடிவதற்குள் கோட்டை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 27ஆம் நாள், அமைச்சரவை அந்தக் கோட்டையிலேயே கூடி, அதனைத் தேசிய அருங்காட்சியகமாக்க முடிவு செய்தது. 2019இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது. கைதிகள் விடுதலையாகி ஐம்பதாண்டு நிறைந்த 2024 ஏப்ரல் 27 அன்று, எதிர்ப்பு மற்றும் விடுதலைக்கான தேசிய அருங்காட்சியகம் முழுமையாகத் திறக்கப்பட்டது. விடுதி வரவிருந்த இடத்திலே, விடுதலை வந்து அமர்ந்தது.

உணர்ச்சி வென்றது, உலக வழக்கம் தோற்றது என்பர் சிலர். விடுதி வந்திருந்தால் ஏழை மீனவரின் மகனுக்கு வேலை கிடைத்திருக்குமே, நினைவு சோறு போடுமா என்றும் கேட்பர். இந்தக் கேள்வியை ஏளனம் செய்யலாகாது. பசியை விடப் பெரிய வாதம் இல்லை. ஆனால், வேலைதான் நோக்கமென்றால் விடுதி கட்ட அந்தக் கடற்கரையில் வேறு இடமே இல்லையா? சிறையறைதான் வேண்டும் என்று வணிகர் விரும்புவதன் காரணம் என்ன? அந்தச் சுவருக்கு ஒரு கதை இருக்கிறது. கதைக்கு விலை இருக்கிறது. கதையின் இனிப்பை விற்று, கசப்பை மறைத்துவிட்டால் ஆதாயம் கொழிக்கும். பட்டவர் ஒருவர், பணம் பெறுபவர் வேறொருவர்! உழைத்தவனின் உழைப்பை மற்றொருவன் விற்பது சுரண்டல் எனில், அழுதவனின் கண்ணீரை மற்றொருவன் விற்பதற்கு என்ன பெயர்?

இன்னும் சிலர், காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பர். ஐம்பதாண்டு ஆயிற்றே, இன்னும் எத்தனை ஆண்டு துக்கம் காப்பது என்பர். காலம் ஆற்றுவது உண்மையானால், கழுவாத புண் ஏன் காலம் செல்லச் செல்ல அழுகுகிறது? புண்ணைத் திறந்து, கழுவி, மருந்திட்ட பிறகே காலம் தன் வேலையைச் செய்யும். வரலாற்றிலே அந்த மருந்தின் பெயர் உண்மை. சொல்லப்பட்ட துயரம் ஆறும். சொல்லவொட்டாமல் அடக்கப்பட்ட துயரம், தலைமுறை கடந்தும் உறங்காது. ஆகவே, எத்தனை ஆண்டு கழிந்தது என்று எண்ணிப் பயனில்லை. எவ்வளவு உண்மை சொல்லப்பட்டது என்று எண்ணுவோம்.

அப்படியானால் அளவுகோல் என்ன? எனக்குத் தோன்றுவதைக் கூறுகிறேன். எடுத்துக்கொள்வதும் விடுவதும் வாசகர் உரிமை.

விருந்தினர் வந்து படுக்கையிலே சாய்கிறார். அவரிடம் அந்த அறையின் முழு வரலாற்றையும் கூறுங்கள். யார் கட்டியது, யார் கல் சுமந்தது, யார் அடைபட்டது, யார் மாண்டது, ஒன்றையும் மறைக்காமல் கூறுங்கள். கேட்ட பிறகும் அவர் மனச்சான்று உறுத்தாமல் அங்கே உறங்க முடியுமானால், அந்த விடுதி இருக்கலாம். உண்மை வெளிவந்தால் ஊதியம் போய்விடுமே என்று விடுதிக்காரர் அஞ்சுவாரானால், அந்த விடுதி இருக்கலாகாது. உண்மையைத் தாங்குமா, தாங்காதா? இதுவே அளவுகோல். இதனோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ப்பேன்: அந்தச் சுவருக்குள் வாடியவரின் பேரன், காசில்லாதவனாயினும், வாயிற்காப்போனிடம் கைகட்டி நிற்காமல் உள்ளே வந்து பார்த்துப் போக வழியிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு அளந்து பார்ப்போம். செதூபல் கோட்டையைப் பற்றி எல்லாவற்றையும் கூறலாம். கூறினால் விருந்தினர் சுவையுடன் கேட்பார், நிம்மதியாக உறங்குவார். பெனிஷில்? கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் தாயும் மகனும் நின்ற கூடத்தைச் சிற்றுண்டிச் சாலையாக்கிவிட்டு, அந்தச் செய்தியையும் விருந்தினரிடம் கூற முடியுமா? கூறினால் தொண்டையிலே உணவு இறங்குமா? இறங்காது, ஆகவே, கூறாமல்தான் நடத்த முடியும். கூறாமல் நடத்துவது ஏமாற்று. எனவே, பெனிஷில் விடுதி வேண்டாம் என்றது அறிவின் தீர்ப்பே. உணர்ச்சி அதற்குத் துணை நின்றது.

கோவாவுக்கு வருவோம். திரிஸ்தாவ் குன்யாவை முதலில் அடைத்த அகுவாதா, 1612இல் கட்டி முடிக்கப்பட்ட கோட்டை. கப்பல்களுக்கு நன்னீர் தந்த இடமாதலின் தண்ணீரைக் குறிக்கும் அப்பெயர் பெற்றது. அதன் கடலோரக் கொத்தளத்தை அடுத்து 1974 முதல் உல்லாச விடுதி இருக்கிறது. விடுதலை வீரர்களை அடைத்த சிறைப்பகுதியோ, நாடு விடுதலை பெற்ற பிறகும் 2015 வரை சிறையாகவே இருந்து, 2021இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒரு கோட்டைக்கு இரண்டு முகம். விடுதி இருக்கட்டும், ஆனால் நாற்பத்தேழு ஆண்டுகள் விருந்தினர் வந்துபோன பிறகுதான் வீரர்களின் கதைக்கு அங்கே கதவு திறந்தது என்பதை மட்டும் மறவாதிருப்போம். கோவாவின் வடமுனையிலே திராகோல் கோட்டை. 1954 ஆகஸ்டு 15ஆம் நாள் அறப்போர் வீரர்கள் அங்கே புகுந்து இந்தியக் கொடியை ஏற்றினர்; பின்னர்ப் பிடிபட்டுச் சிறை சென்றனர். பின்னாளில் அது சில அறைகளே கொண்ட விடுதியாக்கப்பட்டது. அங்கே தங்குவதைத் தவறு என்று நான் கூறேன். கொடியேற்றிய கதையைக் கேட்டால் விருந்தினருக்கு உறக்கம் கெடாது, நெஞ்சம் நிமிரும். ஆனால், கேட்காமலே திரும்பினால் அவர் தங்கியது கோட்டையிலே அல்ல. கட்டணம் கூடிய ஓர் அறையிலே.

அருங்காட்சியகம் என்றாலே அறம் தழைத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மன்னரின் வாளுக்குக் கண்ணாடிப் பேழையும், கல் சுமந்தவனுக்கு ஒரு வரியும் இல்லாத காட்சிசாலைகள் எத்தனை! வெற்றி பெற்றவரின் படத்தை மாட்டி வீழ்ந்தவரின் பெயரை விழுங்கும் காட்சிசாலை, உண்மையை மறைக்கும் விடுதிக்கு உடன்பிறப்பு. விடுதியோ காட்சிசாலையோ, கட்டடத்தின் வாயிலிலே தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தீர்ப்பளிக்காமல், உள்ளே யாருடைய குரல் கேட்கிறது என்று செவிமடுப்போம்.

வகுப்பிலே வரலாறு கற்பிக்கும் என் போன்றோர்க்கு இதிலே தனிப் பொறுப்புண்டு. எந்த ஆண்டு யார் எந்தக் கோட்டையைக் கட்டினார் என்று கேட்கிறோம். மாணவர் மன்னர் பெயரை எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். மன்னனா கட்டினான்? அவன் ஒரு செங்கல்லைத் தூக்கியதுண்டா? அந்தக் கோட்டையில் அடைபட்டவர் யார், ஏன் அடைபட்டார் என்று நாம் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு விடை பழகாத மாணவன், வளர்ந்து செல்வனாகிக் கோட்டை விடுதிக்குச் செல்லும்போது, காற்று எப்படி, காப்பி எப்படி என்று மட்டும் கேட்பான். குற்றம் அவனுடையது மட்டுமா?

செல்லுங்கள் நண்பர்களே, வாய்ப்பும் வசதியும் இருந்தால் கடலோரக் கோட்டைகளுக்குச் செல்லுங்கள். அலையின் ஓசையைக் கேளுங்கள். அந்தி வானத்தை ரசியுங்கள். மகிழ்ச்சி குற்றமல்ல, மனிதன் மகிழ வேண்டும் என்பதற்காகத்தான் சிறைப்பட்டவர்களும் போராடினார்கள். ஆனால் விளக்கை அணைக்குமுன், இந்த அறையிலே முன்பு யார் இருந்தார் என்று விடுதியாரை ஒரு கேள்வி கேளுங்கள். விடை வந்தால் விழித்திருந்து கேளுங்கள். விடை வராவிட்டால், மறுநாள் காலை அந்த ஊர் மீனவரிடமும் முதியவரிடமும் கேளுங்கள். சுவர்களுக்குக் காதுண்டு என்று பேச அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. அந்தச் சுவர்களின் அருகே இன்று அச்சமின்றிப் படுக்கிறோம் என்றால், அஞ்சாமல் பேசிய சிலர் அவற்றுக்குள்ளே அடைபட்டுக் கிடந்ததால்தான். அவர்களுக்கு நாம் தர வேண்டியது மாலையல்ல, மௌனமுமல்ல. அவர்களைப் பற்றிய உண்மையைக் கேட்கும் செவியும், கேட்டதை எடுத்துரைக்கும் துணிவும்தான்!